சங்கிலியின் தொய்வு

இத்தலைப்பைக் கண்ட நேயர்களுள் சிலர், இஃது அடிமைச் சங்கிலியைப் பற்றியதோ, அன்றிக் கழுத்துச் சங்கிலியைப் பற்றியதோ என எண்ணக்கூடும். இரண்டும் அன்று. நமது வீட்டு வாசற்புறத்தில் நிற்கும் ஒரு பழைய மோட்டார் சைக்கிளின் பின்சக்கரத்தை இழுத்துச் சுழற்றும் இரும்புச் சங்கிலியைப் பற்றியே ஈண்டு எழுதப் புகுந்தோம். "இதற்குமா ஒரு கட்டுரை? ஸ்பானர் பிடிக்கத் தெரிந்தவன் கால்மணி நேரத்தில் முடிக்கும் வேலையன்றோ?" என்று கேட்பாருக்கு நாம் சொல்லும் விடை ஒன்றே. அக்கால்மணி நேர வேலையை நாம் செய்தோம்; செய்த பத்தாம் நாள் ஒரு மனிதரின் கால் ஒடிந்தது. ஒடிந்தது நமது தந்தையாரின் கால்.

கெடா மாநிலத்தில், கூலிம் பட்டணத்தினின்றும் உள்ளே தள்ளி இருக்கும் ஒரு தோட்டத்தில் நாம் கிராணி வேலை பார்க்கிறோம். தந்தையார் அதே தோட்டத்தில் பால்மரக் காலத்தில் மரம் வெட்டி, பின்னர் மண்டோராகி, மரங்களை வீழ்த்திச் செம்பனை நட்ட காலத்தையும் கண்டு ஓய்வு பெற்றவர். அவர் 1984ஆம் ஆண்டில், வேலை மாற்றலாகிச் சென்ற ஒரு சின்னத் துரையிடமிருந்து வாங்கிய வண்டி இது. நம் நாட்டார் இவ்வகை வண்டியை ஸ்கிராம்ளர் என்பர். முண்டும் முடிச்சுமான டயர், சேறு தட்டாதபடி உயர்த்தி வைத்த மட்கார்டு, வயிற்றின் அடியில் போகாது இடுப்போரமாய் மேலேறிப் போகும் புகைக்குழாய், குழியில் விழுந்தெழத் தக்க நெடிய அப்சோர்பர் ஆகிய இவையே அதன் அடையாளங்கள். யமஹா கம்பெனியார் 1968ஆம் ஆண்டில் டி.டி.1 என்னும் 250 சி.சி. வண்டியை வெளிக்கொணர்ந்தனர். சாலையிலும் காட்டுவழியிலும் ஒருங்கே ஓடவல்ல எளிய வண்டி என்று அது பெயர் பெறவே, அதன் வழியில் சிறிய வண்டிகள் பலவும் பின்னர் வந்தன. நம்முடையது அக்குலத்தைச் சேர்ந்த, 1970களில் பிறந்த, 125 சி.சி. வண்டி. குலத்தைச் சேர்ந்தது என்பதைக்கூடச் சற்றுத் தயங்கியே சொல்லவேண்டும். எஞ்சினும் சட்டமும் அதற்கே உரியவை. பின்சக்கரத்தைத் தாங்கும் இரும்புக் கவை வேறொரு வண்டியது. எண்ணெய்த் தொட்டியின் மூடி எதனுடையது என்பது அம்மூடிக்கே தெரியாது. நாற்பது ஆண்டுகள் தோட்டத்தில் உழைத்த எந்த வண்டியும், எந்த மனிதனும், பிறந்த உறுப்புக்களோடு முழுதாய் நிற்பதில்லை.

தந்தையார் ஞாயிறுதோறும் காலையில் இவ்வண்டியின் முன் குந்தி அமர்வார். ஒரு தகரத்தில் மண்ணெண்ணெய், ஒரு தேய்ந்த பல் துலக்கும் பிரஷ், ஒரு கந்தல், இரண்டு ஸ்பானர் இவ்வளவே அவருடைய பட்டறை. சங்கிலியைத் தேய்த்துக் கழுவித் துடைத்து, எண்ணெய் விட்டு, சக்கரத்தை மெல்லச் சுற்றிச் சுற்றிப் பார்ப்பார். பின்னர் நம்மையும் நமது தமக்கையையும் கூப்பிட்டு ஆசனத்தில் ஏற்றுவார். அதுவும் போதாதென்று தாயாரையும் ஏறச் சொல்வார். சில நாளில் அடுத்த வீட்டாரும் வந்து ஏறியதுண்டு. நாம் முன்னே அமர்ந்து ஹாண்டிலைப் பிடித்துக்கொண்டு, வாயாலேயே எஞ்சினை முடுக்கி, பினாங்குப் பாலம் வரை போய் வருவோம். தந்தையார் கீழே குனிந்து சங்கிலியின் அடியில் விரல் வைத்து எதையோ பார்த்துக்கொண்டிருப்பார். நமக்கு வயது ஏழு. பிள்ளைகளை மகிழ்விக்கத்தான் தந்தை வாரந்தோறும் வண்டியில் ஏற்றுகிறார் என்று நாம் எண்ணியிருந்தோம். அவ்வெண்ணம் நம்மைவிட்டு நீங்க இருபத்திரண்டு ஆண்டுகளாயின.

நாம் 2003ஆம் ஆண்டில் இடைநிலைப் பள்ளியின் முதலாம் படிவத்தில் சேர்ந்தோம். அவ்வாண்டுதான் நாட்டுப் பள்ளிகளில் கணிதத்தையும் அறிவியலையும் ஆங்கிலத்தில் போதிக்கத் தொடங்கினர். லயத்துப் பிள்ளைகளுள் பலருக்கு அது மலையாய் நின்றது. நமக்கோ எப்படியோ அம்மொழி கைவந்தது. கைவந்ததோடு நிற்காமல் தலைக்கும் ஏறிற்று என்பதை ஒப்புக்கொள்ளுதல் நலம். தந்தையார் தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு படித்தவர். ஆபீசிலிருந்து வரும் ஆங்கிலக் கடிதங்களை நாம் அவருக்குப் படித்துச் சொல்லும்போது, கடிதத்திலுள்ள விஷயமும் நமக்குத்தான் அவரைவிட நன்கு தெரியும் என்ற ஒரு நினைப்பு நமக்கு வந்து சேர்ந்தது. அந்நினைப்போடுதான் நாம் சங்கிலியின் அருகிற் சென்றோம்.

2019ஆம் ஆண்டில் தந்தையாரின் கண்களில் புரை விழுந்தது. வண்டி ஓட்டுவதை அவராகவே நிறுத்திக்கொண்டார். அதே ஆண்டில் வண்டியின் பின் அப்சோர்பர் இரண்டும் எண்ணெய் கசிந்து செத்தன. பட்டணத்துக் கடையில் அதே அளவு கிடைக்கவில்லை. சற்று நீண்ட ஒரு ஜோடியே கிடைத்தது. மாட்டிப் பார்த்தோம், வண்டி பின்புறம் ஓரங்குலம் உயர்ந்து, கம்பீரமாய்க் காணப்பட்டது. கம்பீரத்தை யார் வேண்டாமென்பர்? அன்றே ஞாயிற்றுக்கிழமை வேலையையும் நாமே ஏற்றுக்கொண்டோம்.

சங்கிலியைப் பார்த்தால் நமக்கு அருவருப்பாயிருந்தது. அவ்வளவு தொய்வாகத் தொங்கிற்று. 'கண் மங்கியதால் தந்தையார் கவனியாமல் விட்டுவிட்டார் போலும்' என்று நினைத்து, வண்டியின் ஆங்கிலக் கையேட்டைத் தேடிப் பிடித்து நகலெடுத்தோம். சங்கிலியின் கீழ்ப்பாகத்தை நடுவில் பிடித்து மேலும் கீழும் அசைத்தால் இத்தனை மில்லிமீட்டர் அசைய வேண்டும் என்று அதில் தெளிவாக இட்டிருந்தது. அந்த எண்ணை ஈண்டு நாம் எழுதப் போவதில்லை. எழுதினால் எவரேனும் எடுத்துத் தம் வண்டிக்கு வைத்துவிடுவர். நாம் செய்ததும் அதுவே. ஆபீசிலிருந்து அடிக்கோலைக் கொண்டு வந்து, வண்டியைத் தாங்கியில் நிறுத்தி, ஓரிடத்தில் அளந்து, திருகை முடுக்கி, கையேட்டின் எண் வந்ததும் நட்டை இறுக்கி, தேதியிட்டு ஒரு குறிப்பேட்டில் செக்ரோல் எழுதுவதுபோல் எழுதி வைத்தோம். திண்ணையில் அமர்ந்திருந்த தந்தையார் சத்தத்தைக் கொண்டே வேலை முடிந்ததென்று அறிந்து, "தம்பி, ஆளை ஏற்றிப் பார்த்தாயா?" என்றார்.

"புத்தகத்தில் போட்டபடியே வைத்திருக்கிறேன் அப்பா" என்றோம்.

அவர் அதன் பின் ஒன்றும் பேசவில்லை. புத்தகம் என்ற சொல்லுக்கு முன்னே அவர் தலைமுறை வாய் மூடிக்கொள்ளும். அந்த அடக்கத்தை நாம் அன்று ஒப்புதல் என்று எடுத்துக்கொண்டோம்.

அடுத்த பத்து நாட்களில் வண்டி நம்மிடம் பேசத்தான் செய்தது. மேட்டில் ஏறுகையில் முனகல் போன்றதோர் ஒலி எழுந்தது. முன்புறத்துப் பல்சக்கரத்தின் பின்னிருந்து எண்ணெய் கசிந்து, தரையில் காசளவு கறை விழுந்தது. முதுகில் இருவர் அமர்ந்து குழியில் இறங்கினால், பின்புறம் மெத்தென்று அமுங்காமல் கட்டையாய் உதைத்தது. 'புதிய அப்சோர்பர் பழகவில்லை' என்று நாமே ஒரு காரணம் கற்பித்துக்கொண்டோம். கிராணிக்குக் காரணம் கற்பிக்கவா தெரியாது?

நவம்பர் மாதம். மழை விட்ட காலை. கண் டாக்டரிடம் காட்டுவதற்காகத் தந்தையாரைப் பின்னே ஏற்றிக்கொண்டு செம்மண் சாலையில் சென்றோம். சின்ன மதகு ஒன்றின் மேல் சாலை திடீரென்று மேடாகும். மேடேறி இறங்கிய கணத்தில் வண்டி முழுப் பாரத்தோடு அமுங்கிற்று. துப்பாக்கி வெடித்தாற்போன்ற ஓசை. அறுந்த சங்கிலி முன்புறப் பல்சக்கரத்துக்கும் எஞ்சினின் உடலுக்கும் இடையே சுருண்டு அடைத்துக்கொள்ள, பின்சக்கரம் சுழலாமல் நின்று ஈரச் செம்மண்ணில் வழுக்கிற்று. வண்டி இடப்பக்கம் சாய்ந்து நம் இருவரையும் கானுக்குள் தள்ளியது. நமக்கு முழங்கையில் சிராய்ப்பு மட்டும். தந்தையாரின் இடக்கணுக்கால் வண்டியின் அடியில் அகப்பட்டு ஒடிந்தது. செம்பனைக் குலை ஏற்றி வந்த ஒரு டிராக்டர்க்காரர் நம்மைத் தூக்கிச் சென்று ஆஸ்பத்திரியில் சேர்த்தார். வழியெல்லாம் தந்தையார் நம்மிடம் கேட்டது, "உனக்கு அடியில்லையே, தம்பி?" என்ற ஒன்றே.

கம்பி வைத்துத் தைத்து, ஆறு வாரம் கட்டுப் போட்டார்கள். கண் டாக்டரிடம் போவது நான்கு மாதம் தள்ளிப்போயிற்று.

லயத்தில் உள்ளோர் காரணம் சொல்லத் தவறவில்லை. புதிதாய் உயர்ந்து நின்ற வண்டியின் மேல் கண்பட்டது என்றனர் சிலர். புறப்பட்ட வேளை ராகுகாலம் என்றனர் சிலர். நமது மாமியார் ஓர் எலுமிச்சம்பழத்தைச் சிவப்பு மிளகாயோடு கோத்து ஹாண்டிலில் கட்டினார். நாம் அவிழ்க்கவில்லை, வண்டி பின்னர் ஓடத் தொடங்கியதும், முதல் குழியில் அது தானே விழுந்து உருண்டோடிற்று. ஆயினும், 'கண்ணேறு' என்று நம்பியவர்களை நகைக்க நமக்கு உரிமை உண்டா என்று அப்போதே ஐயம் தோன்றியது. அவர்கள் பழம் ஒன்றை நம்பினர். நாம் எண் ஒன்றை நம்பினோம். இரு திறத்தாரும் சங்கிலியை ஏன் தொய்வாக விடவேண்டும் என்று கேட்கவில்லை.

கட்டு அவிழ்ப்பதற்குள் நாம் அதைக் கேட்டுப் பார்த்துவிடுவதென்று முனைந்தோம். அப்சோர்பர் இரண்டின் கீழ் ஆணியையும் கழற்றி, பின்சக்கரத்தைக் கையால் மேலும் கீழும் தூக்கி இறக்கிப் பார்த்தோம். அறுந்த சங்கிலிக்குப் பதில் புதியது ஒன்று வாங்கியிருந்தோம். சக்கரம் கீழே தொங்குகையில் தொய்ந்திருந்த சங்கிலி, சக்கரத்தைத் தூக்கத் தூக்க இறுகிக்கொண்டே வந்தது. ஓரிடத்தில் வீணைத் தந்திபோல் விறைத்தது. அதற்கும் மேலே தூக்கினால் மறுபடியும் தொய்யத் தொடங்கிற்று. அரைமணி நேரம் அதனைத் தூக்கி இறக்கிக்கொண்டிருந்தோம். நம் மனைவி வந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனாள்.

காரணம் இதுவே. சங்கிலியை இழுக்கும் முன் பல்சக்கரம் எஞ்சினில் அசையாது நிற்கிறது. பின்சக்கரத்தைத் தாங்கும் கவையோ, அப்பல்சக்கரத்துக்குச் சற்றுப் பின்னே உள்ள ஓர் ஆணியைப் பற்றி மேலும் கீழும் ஆடுகிறது. இரண்டும் ஒரே இடத்தைப் பற்றிச் சுழன்றால் இத்தொல்லையே இல்லை. இரண்டு வேறாதலின், பல்சக்கரத்தின் நடு, கவையின் ஆணி, பின்சக்கரத்தின் அச்சு என்னும் மூன்றும் ஒரே நேர்க்கோட்டில் வரும்போதுதான் பல்சக்கரத்துக்கும் அச்சுக்கும் உள்ள தூரம் மிகுதி. வெறும் வண்டி நிற்கையில் அச்சு அக்கோட்டுக்குக் கீழே கிடக்கிறது. ஆள் ஏறினால் கோட்டை நெருங்குகிறது. இருவர் ஏறிக் குழியில் விழுந்தால் கோட்டைத் தொட்டுக் கடக்கிறது. பட்டணத்துத் தார்ச்சாலையில் ஓடும் வண்டிகளில் இவ்வாட்டம் சிறிது. காட்டுவழி வண்டியில் ஆட்டம் பெரிது; ஆகவே நிற்கும்போது காணும் தொய்வும் பெரிதாயிருத்தல் வேண்டும். நமக்கு அருவருப்பாய்த் தோன்றிய தொங்கல், தந்தையார் கவனியாமல் விட்டதன்று, கவனித்து வைத்தது.

கிராணியாதலின் கணக்கும் போட்டுப் பார்த்தோம். நம் வண்டியில் பல்சக்கரத்தின் நடுவிலிருந்து ஆணி வரை 7 சென்டிமீட்டர். ஆணியிலிருந்து அச்சு வரை 45 சென்டிமீட்டர். மூன்றும் நேரானால் 52. பழைய அப்சோர்பரோடு வண்டி வெறுமனே நின்றபோது, அக்கோடு ஆணியினிடத்தில் ஏறத்தாழ 10 பாகை வளைந்திருந்தது. அப்போது தூரம் 52க்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் குறைவு. நீண்ட அப்சோர்பரை மாட்டியதும் வளைவு 15 பாகையாயிற்று. குறைவு 2 மில்லிமீட்டராயிற்று. ஆக, நாம் வாங்கிவந்த கம்பீரத்தின் விலை 1 மில்லிமீட்டர்; பென்சிலால் இழுத்த கோட்டின் பருமன் இரண்டு! இவ்வளவுதானா என்று தோன்றும். ஆனால் சங்கிலி மேலே ஒரு முறையும் கீழே ஒரு முறையுமாக அத்தூரத்தைக் கடக்கிறது. 2 மில்லிமீட்டர் குறைவுக்கு 4 மில்லிமீட்டர் சங்கிலி மிச்சம் நிற்கவேண்டும். அந்த 4 மில்லிமீட்டர் மிச்சம், அரை மீட்டர் நீளமுள்ள கீழ்ச்சங்கிலியின் நடுவில் விரல் வைத்துத் தள்ளினால், நேர்க்கோட்டினின்றும் 3 சென்டிமீட்டருக்கு மேல் விலகலாய்த் தெரியும். பழைய அப்சோர்பரில் 2 சென்டிமீட்டருக்குச் சற்று மேல் விலகினாலே போதியதாயிருந்தது. கையேடு பொய் சொல்லவில்லை. அது தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த ஒரு வண்டிக்கு மெய் சொன்னது. நம் வாசலில் நின்றது அவ்வண்டி அன்று. (இக்கணக்கும் நம் வண்டி ஒன்றிற்கே உரியது, எவரும் எடுத்துக் கையாள வேண்டா.)

மிச்சம் இல்லாமற்போனால், பாரம் அப்சோர்பரின் மேல் விழாமல் சங்கிலியின் மேல் விழுகிறது. சங்கிலி அதனை எஞ்சினின் வெளித்தண்டுக்கும் அதன் பேரிங்குக்கும் கொடுக்கிறது; எண்ணெய் தடுக்கும் ரப்பர் வளையம் நசுங்கிக் கசிகிறது. காசளவு கறை நமக்குச் சொன்னது அதுவே. இறுதியில் எது பலவீனமோ அது அறுகிறது. பெரும்பாலும் அது பூட்டுக்கண்ணி. அதன் மேல் மாட்டும் கொக்கி, மூடிய பக்கம் சங்கிலி ஓடும் திசையை நோக்கவும், திறந்த வாய் பின்னோக்கவும் இருத்தல் வேண்டும் என்பதை மட்டும் நாம் முன்னமே அறிந்து சரியாக மாட்டியிருந்தோம். ஒரு சிறு ஆறுதல்!

அளவுக்கு மிஞ்சித் தொய்ந்தாலும் தீங்குதான் என்பதை இடையே சொல்லிவிடுதல் வேண்டும். அப்போது சங்கிலி பற்களினின்றும் குதித்து வெளியேறி, அதே இடத்தில் அதேபோல் அடைத்துக்கொள்ளும். இறுக்கமானது பத்திரம், தொய்ந்தது ஆபத்து என்று எண்ணுவோர் பலர், நாமும் அவ்வினத்தார். இறுக்கத்தின் தீங்கு சத்தமில்லாமல் நடப்பதால் அது பத்திரம்போல் தோன்றுகிறது.

புதிய சங்கிலி வாங்கிய கடையில் 428 என்று கேட்டு வாங்கினோம். அவ்வெண்ணின் பொருளை அதன் பிறகே அறிந்தோம். முதல் இலக்கம் 4 என்பது கண்ணிக்குக் கண்ணி உள்ள தூரம் அங்குலத்தில் எட்டில் நான்கு, அதாவது அரை அங்குலம் என்பதாம். மான்செஸ்டரில் தொழில் நடத்திய ஹான்ஸ் ரெனால்ட் என்பார் 1880ஆம் ஆண்டில் உருளைச் சங்கிலிக்கு உரிமை பெற்றார். உலகில் இன்று ஓடும் சைக்கிள் சங்கிலியும் நம் வண்டிச் சங்கிலியும் அதன் வழிவந்தவையே. அரை அங்குலம் 12.7 மில்லிமீட்டர், 20 கண்ணிகளை இழுத்துப் பிடித்து அளந்தால் 254 மில்லிமீட்டர் வரவேண்டும். 259 வந்தால் நூற்றுக்கு இரண்டு பங்கு கூடிவிட்டது; மாற்றும் காலம் நெருங்கிவிட்டது. சங்கிலி 'இழுபட்டுவிட்டது' என்று நாம் சொல்வது தவறு. தகடு ஒன்றும் நீள்வதில்லை. கண்ணிகளின் உள்ளே இருக்கும் ஆணியும் அதனைச் சூழ்ந்த குழலும் தேய்ந்து, ஒவ்வொன்றும் மயிரிழை இடம்விட, நூறு மயிரிழைகள் சேர்ந்து நீளமாகின்றன. செம்மண்ணும் மழைநீரும் கலந்த குழம்பு உட்புகுந்தால் அரத்தால் அராவியதுபோல் அராவும். தந்தையாரின் மண்ணெண்ணெய்த் தகரத்துக்கு வேலை அங்கே.

தேய்வு எல்லாக் கண்ணியிலும் ஒரே சீராய் நடப்பதுமில்லை. ஆகையால் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே வந்தால் சங்கிலி ஓரிடத்தில் இறுகும், ஓரிடத்தில் தளரும். நாம் முன்னர் அளந்தது ஓரிடத்தில் மட்டும். அது தளர்ந்த இடமாயிருந்திருத்தலும் கூடும். தந்தையார் சக்கரத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தது பொழுதுபோக்கன்று.

இப்பொழுது நாம் செய்யும் முறையைச் சொல்கிறோம். முதலில் கழுவித் துடைத்து எண்ணெய் விடுகிறோம். அழுக்கோடு அளந்தால் இறுகிய கண்ணி எது, அழுக்கேறிய கண்ணி எது என்று தெரியாது. பின்னர் சக்கரத்தைச் சுற்றி, எந்த இடத்தில் சங்கிலி மிக இறுகுகிறதோ அவ்விடத்தைச் சுண்ணாம்பால் குறிக்கிறோம். அக்குறி கீழ்ப்பக்கம் வரும்படி நிறுத்தி, வண்டியில் ஆட்களை ஏற்றுகிறோம். எத்தனை பேர் என்றால், ஒரு நீண்ட குச்சியைப் பக்கவாட்டில் பிடித்துப் பார்க்கையில் பல்சக்கரத்தின் நடுவும் ஆணியும் அச்சும் நேராகும் வரை. அந்நிலையில் சங்கிலி விறைத்திருக்கலாகாது; விரலால் தள்ளினால் சிறிதே அசைந்து கொடுத்தல் வேண்டும். அவ்வளவே விதி. புதிய உறுப்பு எதையேனும் மாட்டினால், ஆளை நம்பாமல் அப்சோர்பரின் ஆணியைக் கழற்றியே ஒரு முறை பார்த்துவிடுகிறோம்.

சரிசெய்வதில்தான் பொறுமை வேண்டும். அச்சு நட்டின் காட்டர் பின்னை எடுத்து நட்டைத் தளர்த்துகிறோம். பிரேக் டிரம்மைத் தாங்கும் கம்பியின் நட்டையும் மறவாமல் தளர்த்துகிறோம். இரு பக்கத் திருகையும் சமமாக, ஒரே தடவையில் கால் சுற்றுக்கு மேற்படாமல் திருப்புகிறோம். கவையின் இருபுறமும் வெட்டியிருக்கும் கோடுகளை நாம் நம்புவதில்லை. நமது கவை ஒரு முறை வளைந்து நிமிர்த்தப்பட்டது; அக்கோடுகள் எந்த நாளின் உண்மையைச் சொல்கின்றன என்று யாருக்குத் தெரியும்? ஆணியின் நடுவிலிருந்து அச்சின் நடு வரை இருபுறமும் கம்பி வைத்து அளந்து சமமாக்குகிறோம். சமமில்லையேல் சக்கரம் கோணலாய் நின்று, பல்லின் ஒரு பக்கத்தைத் தின்னும். அச்சு நட்டை இறுக்கும்போது சங்கிலி சற்று இறுகிவிடுவது வழக்கம். ஆகவே இறுக்கியபின் மறுபடி விரல் வைத்துப் பார்ப்போம். பல நாள் மறுபடி தளர்த்தவும் நேரும். அச்சு நகர்ந்தால் பிரேக்கின் அளவும் மாறும். அதைச் சரிபாராமல் புறப்பட்டு, அடுத்த வளைவில் பிரேக்கை மிதித்துத் திகைத்ததும் நமக்கு ஒரு நாள் நேர்ந்தது. கடைசியாகப் புதிய காட்டர் பின். பழையதை வளைத்து மீண்டும் போடுவதில்லை.

ஆட்களை இறக்கியபின், வெறும் வண்டியில் அச்சங்கிலி எவ்வளவு தொய்கிறது என்று பார்த்து, அந்த அளவுக்கு ஒரு மூங்கில் துண்டைச் செதுக்கி வைத்திருக்கிறோம். வாரநாட்களில் அத்துண்டே போதும். குறிப்பேட்டில் எண் எழுதுவதை விட்டுவிட்டோம். அப்சோர்பரோ பல்சக்கரமோ மாறினால் அந்த மூங்கிலை அடுப்பிலிட்டு வேறு செதுக்குவோம்.

ஒரு விஷயம் சொல்லாமல் விட மனம் ஒப்பவில்லை. கட்டு அவிழ்த்து வீட்டுக்கு வந்தபின் ஒரு மாலையில், நாம் போட்ட கணக்கைத் தந்தையாரிடம் விளக்கினோம். பாகை, மில்லிமீட்டர் எல்லாம் சொன்னோம். குறுக்கே பேசாமல் கேட்டார். முடிந்ததும், "சின்னத் துரை வண்டியைக் கொடுக்கும்போது, பாரத்தில் பார் என்று மட்டும் சொன்னார். ஏன் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை" என்றார். சற்றுப் பொறுத்து, "நீ கேட்டபோதாவது நான் சொல்லியிருக்க வேண்டும்" என்றார். நாம் அவரைக் கேட்கவே இல்லை என்பது அவருக்கு நினைவிருந்தது. அதை அவர் மாற்றிச் சொன்னார்.

கண்ணில் அறுவை 2020ஆம் ஆண்டில் நடந்தது. பார்வை நன்கு திரும்பிற்று. கால் முழுதும் திரும்பவில்லை. மழைக்காலத்தில் கைத்தடி இல்லாமல் நடக்க இயலாது. குந்தி அமரவும் முடியாது. ஞாயிற்றுக்கிழமை வேலை ஆகையால் நம்முடையதாகவே நிலைத்துவிட்டது. ஆனால் வண்டியில் ஏறி அமர்வதற்குக் கால் அவ்வளவாய் வேண்டியதில்லை. நாம் தாங்கிப் பிடிக்க, அவர் நடுவில் ஏறி அமர்கிறார். நமது மனைவி பின்னே அமர்கிறாள். ஆறு வயது மகள் முன்னே ஏறி ஹாண்டிலைப் பற்றிக்கொள்கிறாள். நாம் மண்ணில் முழங்கால் ஊன்றிக் குனிந்து, சுண்ணாம்புக் குறியின் அடியில் விரலை வைக்கிறோம்.

சென்ற ஞாயிற்றுக்கிழமையும் அவ்வாறே. மேலிருந்து தந்தையார், "இடம் இருக்கிறதா, தம்பி?" என்றார்.

"இருக்கிறது அப்பா. இன்னும் கொஞ்சம் பின்னே சாய்ந்து உட்காருங்கள்."

மகள் வாயால் எஞ்சினை முடுக்கிக்கொண்டிருந்தவள் நிறுத்தி, "தாத்தா, எப்போது புறப்படுவோம்?" என்றாள்.

"பொறு" என்றார் அவர். "அப்பா விரலை எடுக்கட்டும்."